தகரமா, ஃபைபரா? பழைய காருக்கு எஞ்சின் மாற்றும் முன் ஓர் உடல்நலப் பாடம்

‘‘அப்பா ஆசை ஆசையா வாங்கின அம்பாசடர் சார். விற்க மனசு வரலை. எஞ்சினை மட்டும் மாத்திட்டா இன்னும் இருபது வருஷம் ஓடும்!’’

இப்படிச் சொல்கிற வீடுகள் நம் ஊரில் நிறைய. மேற்கு வங்காளத்தின் உத்தர்பாரா தொழிற்சாலையில் அம்பாசடர் தயாரிப்பு 2014-ம் வருடம் மே மாதத்தோடு நின்றுவிட்டது. ‘ஃபியட்’ என்றே நாம் கூப்பிட்டுப் பழகிய பிரீமியர் பத்மினி அதற்கும் முன்பே விடைபெற்றுவிட்டது. தயாரிப்பு நின்றால் பாசமும் நின்றுவிடுமா என்ன? ஷெட்டில் தூசி படிந்து கிடக்கும் வண்டிக்கு மறுபடி உயிர் கொடுக்க, சற்றுப் புதிய எஞ்சின் ஒன்றைத் தேடிப் பிடித்துப் பொருத்துகிறார்கள்.

அப்போது மெக்கானிக் ஒரு கேள்வி கேட்பார்: ‘‘சார், இந்தப் பார்ட்டையெல்லாம் தகரத்துல அடிச்சிடலாமா, ஃபைபர்ல போட்டுடலாமா?’’

வீட்டுக்காரர் விலையை விசாரிப்பார். எடையை விசாரிப்பார். துருப்பிடிக்குமா என்று கேட்பார். ‘வேலை நடக்கும்போது பேரன் பக்கத்தில் நிற்கலாமா? வேலை முடிந்த பிறகு இந்தக் காரில் வீட்டுக்காரி தலைவலி இல்லாமல் மதுரை வரை போய் வருவாளா?’ என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

உடல்நலப் பத்திரிகையில் கார் பாடமா என்று நினைக்காதீர்கள். இந்த ஒரு தேர்வு நம் தோல், கண், காது, நுரையீரல், ரத்தம் என ஐந்தையும் தொட்டுவிட்டுப் போகிறது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

எஞ்சின் மாறினால் என்னென்ன மாறும்?

பழைய அம்பாசடரில் இருந்தது 1,489 சி.சி. பி.எம்.சி. பெட்ரோல் எஞ்சின். 1990-களில் கம்பெனியே 1.8 லிட்டர் இசுஸு எஞ்சினைப் பொருத்தி விற்றது. பழைய மாடல் வைத்திருக்கிறவர்களில் சிலர் இந்த எஞ்சினைத் தேடுவது அதனால்தான். கம்பெனி மாற்றினால் அதற்கேற்ற பாகங்களைத் தானே தயாரித்துக் கொடுத்துவிடும். நாம் மாற்றும்போது அவற்றை மெக்கானிக் ஷெட்டில்தான் செய்தாக வேண்டும்.

புது எஞ்சின் கொஞ்சம் உயரமாக இருந்தால் பானட்டில் மேடு எடுக்க வேண்டும். ரேடியேட்டர் இடம் மாறினால் ஃபேனைச் சுற்றி ஒரு கூடு வேண்டும். ஸ்டீயரிங் பக்கத்தில் இருந்த கியர் தரைக்கு வந்தால், கியர்பாக்ஸுக்கு மேல் புது மூடி வேண்டும். எஞ்சினுக்கும் நாம் உட்காரும் இடத்துக்கும் நடுவே ஒரு தடுப்புத் தகடு இருக்கிறதல்லவா? மெக்கானிக் அதை ‘ஃபயர்வால்’ என்பார். அதிலுள்ள பழைய ஓட்டைகளை மூட வேண்டும், புதுசாகச் சில ஓட்டைகள் போட வேண்டும்.

‘தகரமா, ஃபைபரா’ என்ற கேள்வி இந்தப் பாகங்களுக்குத்தான்.

இரண்டின் குணமும் என்ன?

ஃபைபர் என்று நாம் சொல்வது ஒரே பொருள் அல்ல, இரண்டு பொருள்களின் கூட்டு. கண்ணாடியை இழையாக இழுத்துப் பாய் மாதிரி விரித்து, அதில் ரெசின் என்ற பிசினை ஊற்றி இறுக வைக்கிறார்கள். பலம் தருவது கண்ணாடி இழை. பிடித்து வைத்திருப்பது பிசின். பிசின் கெட்டால் பாகமும் கெட்டது என்று அர்த்தம்.

முதலில் எடை. ‘ஃபைபர்னா பூ மாதிரி லேசு’ என்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், 1 மில்லிமீட்டர் கனம் உள்ள இரும்புத் தகடு ஏறக்குறைய 7.8 கிலோ. அதே அளவு ஃபைபர் தகட்டை 1 மில்லிமீட்டரில் போட்டால் வளைந்து தொங்கும், 3 மில்லிமீட்டராவது வேண்டும். அப்போது எடை சுமார் 4.5 கிலோ. ஒன்றரை மில்லிமீட்டர் அலுமினியத் தகடு என்றால் 4 கிலோதான்! ஆக ஃபைபரில் மிச்சமாவது மூன்று கிலோ. எஞ்சினும் கியர்பாக்ஸும் சேர்ந்து நூற்றைம்பது கிலோவைத் தாண்டும் வண்டியில் இந்த மூன்று கிலோ ஒரு பொருட்டே இல்லை. எடைக்காக ஃபைபர் போடுகிறேன் என்பவர் இதை மனதில் வைக்க வேண்டும்.

அடுத்தது சூடு. விஷயம் இங்கேதான் இருக்கிறது. ஷெட்டுகளில் பயன்படுத்தும் சாதாரண பாலியெஸ்டர் ரெசின் 70, 80 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் விறைப்பை இழக்க ஆரம்பிக்கும். ரேடியேட்டர் தண்ணீரோ 90 டிகிரியில் ஓடுகிறது. எக்ஸாஸ்ட் குழாயின் ஆரம்பப் பகுதி பல நூறு டிகிரிக்குப் போகும். வண்டி ஓடும்போதாவது காற்று அடித்துச் சூட்டைக் கொண்டுபோகும். நிறுத்தியதும் பானட்டுக்குள் அடைபட்ட சூடு கொஞ்ச நேரத்துக்கு ஏறவே செய்யும். சித்திரை வெயிலில் திண்டிவனம் தாண்டி ஓரம் கட்டி, டீ குடித்துவிட்டு வருகிற அந்தக் கால் மணி நேரம்தான் ஃபைபர் பாகத்துக்கு உண்மையான பரீட்சை!

மூன்றாவது தீ. இரும்பு எரியாது. கண்ணாடி இழையும் எரியாது. ஆனால் இழையைப் பிடித்திருக்கும் ரெசின் எரியும், கரும்புகை கக்கிக்கொண்டு எரியும். அந்தப் புகையில் கார்பன் மோனாக்சைடு உட்பட மூச்சை அடைக்கும் வாயுக்கள் இருக்கும்.

நான்காவது துரு. இதில் ஃபைபருக்கே வெற்றி. சென்னை, தூத்துக்குடி, நாகப்பட்டினம் மாதிரி உப்புக் காற்று அடிக்கும் ஊர்களில் தகரம் சீக்கிரம் பொத்தலாகிவிடும்.

எந்த இடத்துக்கு எது?

சூடு, பாரம், தீ. இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் உலோகம். மூன்றும் இல்லாத இடத்தில் ஃபைபர் தாராளமாகப் போடலாம். இந்த ஒரு வரியை மனதில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்தது.

1. எஞ்சின் மவுண்டிங், கிராஸ் மெம்பர்: இரும்பு மட்டுமே. பேச்சுக்கே இடமில்லை.

2. ஃபயர்வால், கியர்பாக்ஸ் மேல்மூடி: இரும்புத் தகடு. நமக்கும் தீக்கும் நடுவே இருப்பது இது ஒன்றுதான். ‘சின்ன ஓட்டைதானே, ஃபைபர் ஒட்டிடலாம்’ என்பதை ஒப்புக்கொள்ளாதீர்கள்.

3. எக்ஸாஸ்ட் பக்கத்துச் சூட்டுத் தடுப்பு: அலுமினியம் அல்லது இரும்பு. குழாயோடு ஒட்டாமல், நடுவே காற்றோட இடைவெளி விட்டு மாட்ட வேண்டும். பழைய வழக்கப்படி ஆஸ்பெஸ்டாஸ் கயிறோ, ஷீட்டோ சுற்றவே வேண்டாம்.

4. ரேடியேட்டர் ஃபேன் கூடு: அலுமினியம் நல்லது. எக்ஸாஸ்ட் தள்ளி இருந்து, சூடு தாங்கும் ரெசினில் செய்திருந்தால் ஃபைபரும் சரி. ஆனால் சுழலும் ஃபேன் இறக்கையை ஷெட்டில் ஃபைபரில் செய்து மாட்டக் கூடாது. உடைந்தால் கத்தி மாதிரிப் பறக்கும்.

5. ஏர் ஃபில்டர் கூடு: கார்புரேட்டர் சில சமயம் பின்னோக்கித் தீ கக்கும். அதன் மேலேயே உட்காரும் கூடு உலோகமாக இருக்கட்டும். தள்ளியுள்ள காற்றுக் குழாய்க்கு ஃபைபர் போதும்.

6. பானட், மட்கார்டு, அடியில் மாட்டும் சேறு தடுப்பு: இவற்றுக்கு ஃபைபர் நல்ல தேர்வு. பானட்டின் கீல், பூட்டு இரண்டுக்கும் அடியில் இரும்புப் பட்டை வைத்துக் கட்ட வேண்டும். இல்லாவிட்டால் வேகத்தில் பிய்த்துக்கொண்டு கண்ணாடியில் வந்து மோதும்.

7. பெட்ரோல் டேங்க்: ஷெட்டில் செய்த ஃபைபர் டேங்க் வேண்டாம். 2025-ல் நாடு முழுக்க 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வந்துவிட்டது. எத்தனால் பழைய வகை ரெசினை ஊற வைத்து இளக்கும் குணம் கொண்டது. பழைய ரப்பர் குழாய்களையும் இதே காரணத்துக்காக மாற்றிவிடுங்கள்.

இன்னொரு விஷயம். தகர பாடியே மின்சாரம் திரும்பி வரும் வழி. ஃபைபரில் மின்சாரம் ஓடாது. ஃபைபர் பாகத்தில் லைட்டோ, ஹாரனோ மாட்டினால் தனியாக எர்த் ஒயர் இழுக்கச் சொல்லுங்கள். எர்த் சரியில்லாத ஒயர் சூடாகும். சூடான ஒயர் எங்கே கொண்டுபோய் விடும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

கார் பயணத்தில் தலைவலியா? உஷார்!

எஞ்சின் மாற்றிய வண்டியில் மிகப் பெரிய ஆபத்து கண்ணுக்குத் தெரியாது. மூக்குக்கும் தெரியாது. அதுதான் கார்பன் மோனாக்சைடு. பெட்ரோல் புகையில் இருக்கும் இந்த வாயுவுக்கு நிறமோ, வாசனையோ கிடையாது.

நம் ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமப்பது ஹீமோகுளோபின். ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பிடிப்போடு கார்பன் மோனாக்சைடு அதில் போய் ஒட்டிக்கொள்கிறது. ஒட்டியது லேசில் விடாது. சுத்தமான காற்றுக்கு வந்த பிறகும் பாதி அளவு வெளியேற 4, 5 மணி நேரம் ஆகும். அதனால்தான் ஆஸ்பத்திரியில் முகமூடி வைத்து ஆக்சிஜன் கொடுக்கிறார்கள்.

இதற்கும் தகரம், ஃபைபருக்கும் என்ன சம்பந்தம்? கியர் கம்பி தரைக்கு இடம் மாறியதும் ஃபயர்வாலில் பழைய கம்பிகள் போன ஓட்டைகள் அப்படியே நிற்கும். அதன் மேல் ஃபைபர் ஒட்டி பெயின்ட் அடித்துவிட்டால் பார்க்க அழகாகத்தான் இருக்கும். தினமும் சூடாகி ஆறி, சூடாகி ஆறி, ஒட்டிய ஓரம் ஒருநாள் விட்டுவிடும். இரும்பும் ஃபைபரும் சூட்டில் ஒரே மாதிரி விரிவதில்லை. அந்த மயிரிழை விரிசல் போதும். புது எக்ஸாஸ்ட் இணைப்பில் கொஞ்சம் கசிவும் இருந்துவிட்டால், ஜன்னலை ஏற்றிவிட்டு ஏ.சி. போட்டுக்கொண்டு போகிற குடும்பம் அந்தப் புகையைத்தான் மூச்சாக இழுக்கும்.

அறிகுறிகள்: தலைவலி, தலைசுற்றல், குமட்டல், அசதி, தூக்கம். ‘வெயில் ஒத்துக்கலை’, ‘காலையில சாப்பிட்டது சரியில்லை’ என்று நாமே காரணம் சொல்லிக்கொள்வோம். கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. காரில் ஏறினால் ஒருவருக்கு மட்டுமின்றி எல்லோருக்கும் தலை வலிக்கிறதா? இறங்கி வெளிக்காற்று பட்டதும் குறைகிறதா? அப்படியானால் காரைத்தான் சந்தேகப்பட வேண்டும். உடனே எல்லோரும் இறங்குங்கள். மயக்கம், குழப்பம், நெஞ்சு வலி இருந்தால் 108-ஐக் கூப்பிடுங்கள். கர்ப்பிணி, குழந்தை, இதய நோயாளி காரில் இருந்தால், அறிகுறி லேசாக இருந்தாலும் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். வயிற்றிலிருக்கும் சிசுவின் ரத்தத்தில் இந்த வாயு இன்னும் அதிகமாகச் சேரும்.

ஆகவே ஃபயர்வால் ஓட்டைகளை இரும்புத் தகடு வைத்து வெல்டிங் செய்து மூடுவதே முறை. ஒயர் போகும் ஓட்டைகளில் ரப்பர் வளையம் போட்டு, சூடு தாங்கும் சீலன்ட்டால் அடைக்க வேண்டும்.

ஃபைபர் வேலை: உடம்பை எங்கே தாக்கும்?

ஃபைபரை அறுத்து, தேய்த்த பிறகு கை, கழுத்தெல்லாம் ஊரல் எடுக்கும். பெரும்பாலும் இது அலர்ஜி அல்ல. கண்ணாடி இழைத் துணுக்குகள் முள் மாதிரித் தோலில் குத்தி நிற்பதுதான் காரணம். சொறிந்தால் இன்னும் உள்ளே போகும். தேய்க்காமல் ஓடும் குளிர்ந்த தண்ணீரில் கழுவி, பிறகு சோப்புப் போடுங்கள். மிச்சமிருப்பதை ஒட்டும் டேப்பை அழுத்தி எடுத்துவிடலாம்.

‘ஃபைபர் தூசியும் ஆஸ்பெஸ்டாஸ் மாதிரி கேன்சர் கொடுக்குமாமே?’ என்று பலர் பயப்படுகிறார்கள். இரண்டும் ஒன்றல்ல. ஆஸ்பெஸ்டாஸ் இழை நீளவாட்டில் பிளந்து, மெல்லியதாக, இன்னும் மெல்லியதாக ஆகி நுரையீரலின் அடி வரை போய்விடும். கண்ணாடி இழை குறுக்கே ஒடியும். துண்டு சின்னதாகுமே தவிர மெல்லியதாவதில்லை. கார் பாகங்களுக்குப் பயன்படும் தடித்த இழைகளில் பெரும்பாலானவை மூக்கு, தொண்டையிலேயே தங்கிவிடும். புற்றுநோய் ஆராய்ச்சிக்கான சர்வதேச அமைப்பு 2002-ல் இவ்வகைத் தொடர் கண்ணாடி இழைகளை ‘புற்றுநோய் உண்டாக்கும் என்று வகைப்படுத்த முடியாதவை’ என்ற பட்டியலில்தான் வைத்தது.

அதற்காக அலட்சியம் கூடாது. தேய்க்கும்போது பறப்பதில் காய்ந்த ரெசினின் பொடியும் உண்டு. அது மிக நுண்ணியது. ஆஸ்துமாக்காரருக்கு இழுப்பு வர அது போதும். கர்ச்சீப் கட்டினால் நிற்காது. என்-95 மாஸ்க் வேண்டும். வாட்டர் பேப்பர் போட்டுத் தண்ணீர் விட்டுத் தேய்த்தால் தூசி பாதிக்கு மேல் அடங்கிவிடும். ‘வெல்லம் சாப்பிட்டா தூசி இறங்கிடும்’ என்பதை நம்ப வேண்டாம். வெல்லம் போவது உணவுக்குழாய்க்கு, தூசி போவது மூச்சுக்குழாய்க்கு!

ரெசின் டப்பாவைத் திறந்ததும் வருகிற அந்தக் கடுமையான வாசனை ஸ்டைரீன். கண் எரியும், தலை வலிக்கும், போதை மாதிரிக் கிறுகிறுக்கும். அதே சர்வதேச அமைப்பு 2018-ல் இதை ‘புற்றுநோய் உண்டாக்கும் சாத்தியம் அதிகம்’ என்ற பிரிவுக்கு உயர்த்தியது. என்-95 மாஸ்க் தூசியைத் தடுக்கும், இந்த ஆவியைத் தடுக்காது. இதற்குக் கரி அடைத்த கார்ட்ரிட்ஜ் மாஸ்க் வேண்டும். வேலை திறந்த வெளியில் நடக்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட ஆபத்தானது அந்தச் சின்ன பாட்டில்தான்! ரெசினை இறுக வைக்கச் சேர்க்கும் கேட்டலிஸ்ட், தண்ணீர் மாதிரி நிறமில்லாமல் இருக்கும். ஒரு சொட்டு கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். ரெசின் எடையில் 1 முதல் 2 சதவீதம்தான் சேர்ப்பார்கள். அவசரத்தில் அதிகம் ஊற்றினால் கப் கொதித்துப் புகைந்து தீப்பிடிக்கும். கேட்டலிஸ்ட்டையும் ஆக்ஸிலரேட்டர் என்ற இன்னொரு பாட்டிலையும் நேரடியாக ஒன்றோடொன்று கலந்தால் வெடிக்கும். ஆக்ஸிலரேட்டரை முதலில் ரெசினில் நன்றாகக் கலக்கிவிட்டு, பிறகுதான் கேட்டலிஸ்ட் சேர்ப்பது முறை. இரண்டு பாட்டிலையும் ஒரே அலமாரியில் வைக்கவும் கூடாது.

தகர வேலை மட்டும் சாதுவா?

‘அப்போ தகரமே அடிச்சிடுங்க’ என்று நிம்மதியாக வீட்டுக்குள் போய்விட முடியாது. டிங்கரிங் வேலைக்கும் தனி ஜாதகம் உண்டு.

கண்: வெல்டிங் வெளிச்சத்தைப் பார்த்தவருக்கு அப்போது ஒன்றும் தெரியாது. ஆறேழு மணி நேரம் கழித்து, நடு ராத்திரியில் கண்ணில் மண்ணை அள்ளிப் போட்ட மாதிரி உறுத்தும், நீர் வடியும். கருவிழியின் மேல்தோல் வெந்துபோனதுதான் காரணம். பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் ஆறிவிடும். தாய்ப்பால், விளக்கெண்ணெய், மெடிக்கல் ஷாப்பில் யாரோ சொன்ன மரத்துப்போகும் சொட்டு மருந்து எதுவும் வேண்டாம். கண் டாக்டரைப் பாருங்கள். கிரைண்டர் பொறியால் இரும்புத் துணுக்கு கண்ணில் தைத்தால் கசக்காமல் அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். விட்டுவைத்தால் கருவிழியிலேயே துரு வளையம் கட்டும்.

காது: 85 டெசிபல் சத்தம் நாளுக்கு 8 மணி நேரம் வரை பரவாயில்லை என்பது தொழில் சுகாதாரக் கணக்கு. ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகும். கிரைண்டர் சத்தம் 100 டெசிபலைத் தொடும். கணக்குப்படி 15 நிமிஷம்தான்! காதில் ‘ங்ஙொய்’ என்று ராத்திரி முழுக்கச் சத்தம் கேட்டால் அது எச்சரிக்கை மணி.

நுரையீரல்: துத்தநாகப் பூச்சுள்ள ஜி.ஐ. ஷீட்டை வெல்டிங் செய்தால் வெள்ளைப் புகை வரும். அதை இழுத்தவருக்குச் சாயங்காலத்துக்கு மேல் குளிர் காய்ச்சல், உடம்பு வலி, வாயில் உலோக ருசி. ‘பால் குடிச்சா சரியாயிடும்’ என்பார்கள். பால் இதைத் தடுக்காது. வெல்டிங் செய்யும் இடத்தில் பூச்சைத் தேய்த்து எடுப்பதும் காற்றோட்டமும்தான் தடுக்கும். காய்ச்சல் ஓரிரு நாளில் தணியாமல் மூச்சுத் திணறினால் ஆஸ்பத்திரிதான்.

ஈயம்: பழைய காரின் பெயின்ட்டிலும் பிரைமரிலும் ஈயம் இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. அதைச் சுரண்டிய தூசி, தவழும் குழந்தையின் கையில் ஒட்டி வாய்க்குப் போகும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்காத ‘பத்திரமான அளவு’ என்று ஈயத்துக்கு எதுவும் கண்டறியப்படவில்லை என்கிறது உலக சுகாதார அமைப்பு. பெயின்ட்டை உலர்வாகத் தேய்ப்பதும், கேஸ் வைத்துக் கருக்குவதும் கூடாது. ஈரமாகத் தேய்த்து, சேற்றைத் துணியில் வழித்து எடுக்க வேண்டும்.

பழைய கிளட்ச் பிளேட், பிரேக் லைனிங், கேஸ்கெட் கழற்றும்போதும் கவனம். இவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் பயன்படுத்திய காலம் உண்டு. அந்தத் தூசியைக் காற்று பம்ப் வைத்து ஊதவே கூடாது. நனைத்துத் துடைக்கச் சொல்லுங்கள்.

வீட்டு அம்மாக்களுக்குச் சில வார்த்தைகள்

மாஸ்க் போட வேண்டியது மெக்கானிக். ஆனால் வீட்டுக்குள் தூசி வராமல் தடுக்கிற அதிகாரம் உங்கள் கையில்தான் இருக்கிறது.

- கூடியமட்டும் அறுப்பது, தேய்ப்பது, ரெசின் ஊற்றுவது எதுவும் வீட்டு போர்ட்டிகோவில் வேண்டாம். ‘ஷெட்டுல முடிச்சுட்டு, மாட்டறதை மட்டும் இங்க வச்சுக்குங்க தம்பி’ என்று சொல்லுங்கள்.

- வேலை செய்த சட்டையைக் குழந்தையின் துணியோடு சேர்த்து ஊற வைக்காதீர்கள். தனியாக அலசுங்கள். அதே சட்டையோடு வந்து குழந்தையைத் தூக்குவதும் வேண்டாம்.

- கேட்டலிஸ்ட், தின்னர், அசிட்டோன் எதையும் கூல்டிரிங்ஸ் பாட்டிலிலோ, தண்ணீர் பாட்டிலிலோ ஊற்றி வைக்க விடாதீர்கள். யாராவது குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், உப்புத் தண்ணீர் கொடுக்காதீர்கள். அரித்துக்கொண்டு போனது அதே வழியில் திரும்ப வரும்போது மறுபடி அரிக்கும். பாட்டிலையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

- கண்ணில் தெறித்துவிட்டால் இமையை விரித்துப் பிடித்து, குறைந்தது 15 நிமிஷம் குழாய்த் தண்ணீரை ஓட விடுங்கள். அதன் பிறகுதான் ஆட்டோ பிடிக்க வேண்டும். முதல் நிமிஷத் தண்ணீர்தான் முதல் மருந்து.

- கர்ப்பிணி, குழந்தைகள், ஆஸ்துமாக்காரர் மூவரும் வேலை நடக்கும் பக்கமே போக வேண்டாம்.

சந்தேகம்... விளக்கம்

‘‘தகரம் கீறினால் துருவால் டெட்டனஸ் வருமா?’’

துருவால் வருவதில்லை. மண், தூசியில் இருக்கும் கிருமியால் வருகிறது. புத்தம் புது தகரம் கீறினாலும், மண் பட்டால் ஆபத்துதான். 10 வருடத்துக்கு ஒரு முறை தடுப்பூசி போட்டிருக்கிறோமா என்று வீட்டில் எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள். அழுக்கான, ஆழமான காயம் என்றால் டாக்டர் முன்கூட்டியே போடச் சொல்லலாம்.

‘‘காய்ந்து, பெயின்ட் அடித்த ஃபைபர் பாகத்தைத் தொட்டால் ஊரல் வருமா?’’

வராது. நன்றாக இறுகி, மேல்பூச்சு உள்ள பாகம் பத்திரமானது. உடைந்தாலோ, பூச்சு உரிந்து நார் தெரிந்தாலோதான் கவனம் தேவை.

‘‘புதுசாகச் செய்த ஃபைபர் பாகத்தில் வாசனை போகவே இல்லையே?’’

ரெசின் முழுசாக இறுகவில்லை என்று அர்த்தம். அதைக் காருக்குள் மாட்டாதீர்கள். நல்ல வெயிலில், வெளியில் சில நாள் வையுங்கள். அப்போதும் பிசுபிசுப்பும் வாசனையும் இருந்தால் கலவையே தப்பு. திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

‘‘எஞ்சின் மாற்ற அனுமதி வாங்க வேண்டுமா?’’

கண்டிப்பாக. 1988-ம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ம் பிரிவு இதைப் பற்றித்தான் பேசுகிறது. ஆர்.சி. புக்கில் உள்ள எஞ்சின் விவரத்துக்கும் வண்டியில் உள்ளதற்கும் வித்தியாசம் இருந்தால் இன்ஷூரன்ஸ் கேட்கும்போது சிக்கல். முதலில் ஆர்.டி.ஓ. ஆபீஸ், பிறகு மெக்கானிக் ஷெட். இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். 50 வருடம் தாண்டிய கார்களை ‘விண்டேஜ்’ என்று பதிவு செய்ய 2021-ல் விதி வந்தது. மூல வடிவம் பெரிதாக மாறாத வண்டிக்குத்தான் அந்தச் சலுகை. தாத்தா கார் அந்த வயதை நெருங்குகிறது என்றால் எஞ்சினை மாற்றும் முன் ஒருமுறைக்கு இருமுறை யோசியுங்கள்.

வண்டியை ரோட்டில் இறக்கும் முன்

1. எஞ்சினை ஓட விட்டு, எக்ஸாஸ்ட் இணைப்புகள் ஒவ்வொன்றிலும் கசிவு இருக்கிறதா என்று மெக்கானிக்கைப் பார்க்கச் சொல்லுங்கள். இது திறந்த வெளியில் நடக்கட்டும், மூடிய ஷெட்டுக்குள் வேண்டாம்.

2. எஞ்சினை நிறுத்திவிட்டு, பகலில் பானட்டைத் திறந்து ஒருவர் டார்ச் அடிக்கட்டும். காருக்குள் இருட்டாகப் போர்வை போட்டு மற்றவர் பார்க்கட்டும். எங்கே வெளிச்சம் தெரிகிறதோ, அங்கே புகையும் வரும்.

3. அரை மணி நேரம் ஓட்டிவிட்டு நிறுத்தி, கால் மணி கழித்து ஃபைபர் பாகங்களைப் பாருங்கள். வளைவு, கொப்புளம், நிறம் மங்கல், ரெசின் வாசனை இருந்தால் அந்த இடத்துக்கு ஃபைபர் ஆகாது. உலோகத்துக்கு மாற்றுங்கள்.

4. பெட்ரோல் குழாய் எதுவும் எக்ஸாஸ்ட்டைத் தொடாமல் போகிறதா என்று பாருங்கள்.

5. கைக்கு எட்டும் இடத்தில் ஒரு சின்னத் தீயணைப்பான் மாட்டுங்கள். பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி கடைகளில் கிடைக்கிறது. முதல் சில நெடும்பயணங்களில் அதையும் காருக்குள் வைத்துக்கொள்ளலாம்.

தகரத்தில் செய்தாலும், ஃபைபரில் செய்தாலும், ஒரு பாகம் கெட்டால் கடையில் இன்னொன்று வாங்கிவிடலாம். கண்ணுக்கும் நுரையீரலுக்கும் ஸ்பேர் பார்ட்ஸ் கடை கிடையாது. மெக்கானிக் அடுத்த முறை ‘‘தகரமா சார், ஃபைபரா?’’ என்று கேட்டால், விலையைக் கேட்பதற்கு முன் திருப்பிக் கேளுங்கள்: ‘‘அந்த இடத்துல எவ்வளவு சூடு தம்பி? அதுக்கு அந்தப் பக்கம் யார் உட்காரப் போறாங்க?’’